மதினியின் ராசி

திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி மாசானத்துக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம். உன் சர்க்கரை அளவை எழுது, நலத்தை நானே தெரிந்துகொள்கிறேன்.

சென்ற வாரம் விடுதி மாடிப்படியில் எனக்குச் சற்று மூச்சு வாங்கியது. சமையற்காரி கன்னியம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா மேடம், இப்டி வேர்த்துகினு கீது? நெஞ்சு வலிக்குதா?"

இல்லை என்றேன்.

"வலி இல்லாங்காட்டி இன்னா, மூஞ்சி வெளுத்துப் போய் கீது. ஏறு ஆட்டோல."

வந்தது மாரடைப்பாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியின்றியும் வருமாம். குடும்பத்தில் வேறு யாருக்கு என்று டாக்டர் கேட்டார். அப்பாவும் அண்ணனும் சர்க்கரை நோயோடு இருந்து, ஐம்பதைத் தொடாமலே மாரடைப்பில் போனதைச் சொன்னேன். இந்த ஆபத்து மரபணு வழியாகவும் வரும், இரத்த உறவினர் அனைவரும் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

அண்ணன் இறந்தபோது, மதினியின் ராசிதான் காரணம் என்று கைக்குழந்தையோடு அவளை வெளியேற்றியவர்கள் நீயும் அம்மாவும். அந்தக் குழந்தை இசக்கிப்பாண்டிக்கு இப்போது நாற்பது வயது. அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டதாக நீயே எழுதியிருந்தாய். நேரில் போய், நம் குடும்பத்து இரத்தம் எப்படிப்பட்டது என்று அவனிடம் சொல். அண்ணனைக் கொன்றது அவள் ராசியல்ல என்று மதினியிடமும் சொல். அவள் திட்டினால் நின்று கேள். இத்தனை ஆண்டுகளில் அவளைப் பேசவே நீங்கள் விட்டதில்லை.

கருப்பட்டி அனுப்பாதே. என் பழைய போர்வை இருந்தால் நல்லது. மருத்துவமனைப் போர்வை முரடாக இருக்கிறது. நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். முதலில் மதினி வீட்டுக்குப் போ. என்னைப் பார்க்க அதன் பிறகு வரலாம்.

உன் அக்காள்,
சண்முகவடிவு