லப்டொப் உம்மைத் தேடிய நாட்கள்

இன்று காலை லப்டொப்பின் மூடியைத் திறந்து, கமரா இருக்கிற இடத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனேன். சந்தனம் மணத்தது. மணத்ததாக நினைத்துக்கொண்டேனோ தெரியாது. நீர் வைத்த பொட்டின் மிச்சம் அந்த விளிம்புக்குள் இன்னும் காய்ந்து கிடக்கிறது. ஒருகாலம் அதைத் துடைக்கப் பார்த்தேன். இப்போது தொடுவதில்லை.

இதை நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாக விரலால் அமர்த்த, அது வெள்ளைத் திரையில் வந்து நிற்பதைப் பார்க்க இந்த வயதிலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். அதைச் சொல்லத்தான் நீர் இல்லை.

மகள் லண்டனின் மற்றப் பக்கத்து ஹரோவிலிருந்து இதைக் கொண்டுவந்து எங்களுடைய வால்தம்ஸ்டோ வீட்டு மேசையில் வைத்த நாள் நினைவிருக்கிறது. "அப்பா எழுத்துப் படிக்கிறார்தானே. இனி இதில எழுதட்டும்" என்றாள். நீர் அவளைப் பெட்டியைப் பிரிக்க விடவில்லை. முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்ற வேண்டும் என்றீர். கார் வாங்கியபோதும், தையல் மெசின் வாங்கியபோதும் செய்தது போலத்தான். பிறகு மூடியைத் திறந்து, இதற்கு நெற்றி எது என்று யோசித்து, திரைக்கு மேலே நட்டநடுவில் சந்தனத்தைத் தடிப்பாக வைத்தீர். அங்கேதான் கமரா இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மகள் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றினாள். யாருடைய முகத்தைக் கண்டால் திறக்க வேண்டும் என்று அது கேட்டது. எனக்குப் பயம். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் படிச்சு முடியுமட்டும் நான் திறந்து தாறன்" என்று சொல்லி, பாஸ்போட்டுக்குப் படம் எடுப்பதுபோலத் தலையை வாரிக்கொண்டு வந்து அமர்ந்தீர். அது உம்மைக் காணவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தும் காணவில்லை.

"என்ர முகத்தை இதுக்குப் பிடிக்கேல்லைப் போல."

"கிட்டப் போங்கோ அம்மா" என்றாள் மகள்.

"இன்னும் கிட்டப் போனா அது பயந்திடும்" என்றேன் நான்.

அப்போதுதான் மகள் திரையைக் குனிந்து பார்த்தாள். முழுவதும் ஒரே மஞ்சள். "அம்மா, நீங்கள் கமராவுக்கெல்லோ பொட்டு வைச்சிருக்கிறியள்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கதிரையில் சாய்ந்துவிட்டாள். நான் சாரத்தின் நுனியால் துடைத்தேன். உடனே அது உம்முடைய முகத்தைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து நீர் முன்னால் வந்து அமர்ந்தாலே போதும், திறந்துவிடும். "பாத்தியளே, உங்களை விடக் கெதியா இது என்னை அடையாளம் பிடிக்குது. ஏர்போட்டில நீங்கள் என்னைத் தாண்டியெல்லோ போனனீங்கள்" என்று ஒவ்வொரு தரமும் குத்துவீர். உண்மைதான். நான் சுவிஸிலும் நீர் ஊரிலுமாக அத்தனை வருடம் பிரிந்திருந்து, நான் லண்டனுக்கு மாறிய பிறகு இங்கே வந்து இறங்கிய உம்மை எனக்கு முதலில் தெரியவில்லை. தள்ளுவண்டியோடு வந்த மெலிந்த பெண்ணைத் தாண்டிப் போய், பின்னால் வருபவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தீர்.

சுவிஸ் அகதி முகாமில் நான் இருந்தபோது உமக்கு வந்த கடிதங்கள் என்னுடையவை அல்ல. நான் சொல்லச் சொல்ல அறையில் கூட இருந்தவர் எழுதினார். இன்னொருவர் காது கேட்க ஒரு மனிதன் மனைவிக்கு என்னத்தைச் சொல்லுவான். நான் சுகம், நீர் சுகமா, இங்கே குளிர் மிகக் கூட. அவ்வளவுதான். நீர் பிறகு ஒருநாள் சொன்னீர்: "கடிதம் வந்தது. நீங்கள் வரேல்லை. ஒருக்கா நீங்களே எழுதித் தாங்கோ." லண்டனுக்கு வந்தும் ரெஸ்டோரண்டில் சட்டி கழுவுவதற்கு எழுத்துத் தேவைப்படவில்லை. வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் நீர் என்னைக் குசினி மேசையில் பிடித்து இருத்தினீர்.

விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டியதும் நீர்தான், நகத்தால் அழுத்தி அழுத்தி. தாளில் எழுதும்போது கொம்பை முதலில் போடவேண்டும் என்று படிப்பித்தீர். இங்கேயும் கொம்பைத் தேடி முதலில் அமர்த்தினேன். அது தனியே நின்று முழித்தது. "எழுத்தை முதல் அடியுங்கோ, கொம்பு தானா முன்னுக்குப் போகும்" என்றீர். போனது. அன்று முழுவதும் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக் குளிரில் உம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும்போது, "நான் வரும்வரைக்கும் அதை மூடி வையுங்கோ, தூசு பிடிக்கும்" என்றீர். மூடி வைத்தேன். நீர் வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு ஒருநாள் அதைத் திறந்தேன். ஒரு வட்டம் சுழன்றது. அதன் கீழே எழுத்துகள். விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்: உங்களைத் தேடுகிறது. நீர் பக்கத்தில் இல்லாமல் நான் வாசித்து முடித்த முதல் வசனம் அது. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷம். உமக்குச் சொல்லத்தான் குசினிப் பக்கம் திரும்பினேன்.

மறுபடி திரும்பிப் பார்த்தபோது எழுத்து மாறியிருந்தது: அடையாளம் காண முடியவில்லை. அதையும் வாசித்தேன். எழுத்துத் தெரியாதவனாகவே இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

நம்பர் அடித்தாலும் திறக்கும் என்று மகள் போனில் சொல்லித் தந்தாள். ஆனால் நம்பர் கேட்பதற்கு முன் அது உம்மைத் தேடும். ஒவ்வொரு நாளும் தேடியது. ஒவ்வொரு நாளும் நான் மூடியைச் சாத்தினேன். உமக்கு எழுத வேண்டிய கடிதம் உள்ளே தொடங்கப்படாமலே கிடந்தது.

போன ஞாயிறு மகள் வந்தாள். "அப்பா, அம்மாவின்ர முகத்தை எடுத்துப்போட்டு உங்கட முகத்தைப் போடுவம். இல்லாட்டி நீங்கள் எழுதவே மாட்டியள்."

"எடுத்தா, பிறகு திரும்ப வைக்கலாமோ?"

"அதுக்கு அம்மா இருக்கோணுமப்பா" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்துகொண்டாள்.

முகத்தை நீக்கவா என்று திரை என்னைக் கேட்டது. கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு சொற்கள். நீர் படிப்பித்த எழுத்துகள்தான், தடக்காமல் வாசித்தேன். "நான் அமத்தேல்லை, நீங்களே அமத்துங்கோ" என்றாள் மகள். எழுதாமல் உம்முடைய முகத்தை வைத்திருப்பதா, முகத்தை எடுத்துவிட்டு எழுதுவதா? நீர் கேட்டது கடிதத்தைத்தானே. ஆம் என்பதை அமர்த்தினேன். ஒரு சத்தமும் வரவில்லை. சட்டி கழுவினால்கூட ஒரு சத்தம் வரும்.

பிறகு என் முகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். முதல் தரத்திலேயே பிடித்துக்கொண்டது.

இதோ எழுதிவிட்டேன். நான் சுகம் என்று எழுதவில்லை. சுகமில்லை. குளிர் கூட என்பது மட்டும் உண்மை. முடிந்ததும் குசினியில் உம்முடைய கதிரைக்கு எதிரில் அமர்ந்து இதைச் சத்தமாக வாசிப்பேன். பிழை இருந்தால் திருத்த ஆளில்லை.

இப்போது மூடியைத் திறந்தவுடன் லப்டொப் என்னைத் தெரிந்துகொள்கிறது. வட்டம் சுழல்வதும் இல்லை. இந்த வீட்டில் உம்மைத் தேடுவது இனி நான் ஒருவன்தான்.