மாரிஸ் வண்டிக்கு ஆட்டோ கியர் வேண்டாம்

பிடோக், சிங்கப்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரத்னவேலுக்கு அம்மா எழுதுவது. கடிதம் என்றால் நாங்கள் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம், அதனால் நாங்கள் நலம். பெர்த்தில் நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பெருமாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். குடும்பக் குரூப்பில் போட்டால் உன் அப்பா பார்த்துவிடுவார், உன் தங்கை உடனே கும்பிடுகிற படம் ஒன்று போடுவாள், அதோடு பேச்சு செத்துப்போகும். காகிதத்தை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

விஷயம் நம் பழைய மாரிஸ் மைனர் காரைப் பற்றித்தான். போன தீபாவளி கழிந்த வாரம் நீ வீடியோவில் வந்தாய். அப்பாவுக்கு இடது முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கால் சரியாக மடங்காமல், கிளட்ச் மிதிக்க முடியாமல் இருந்த நேரம். "அப்பா, இனிமே கிளட்சே மிதிக்க வேணாம், மாரிஸுக்கு ஆட்டோ கியர் போட்டுடலாம், ஜப்பான் கார்லேருந்து எடுத்த நல்ல கியர்பாக்ஸ் ஒண்ணு இங்க இருக்கு, கப்பல்ல அனுப்புறேன்" என்று குதித்தாய். அப்பா தலையை ஆட்டினார். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். உன் அப்பா தலையாட்டுவதில் எத்தனை வகை உண்டு என்று கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவள் நான். அது சம்மதம் இல்லை. மகன் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறானே, எப்படி வேண்டாம் என்பது என்கிற தலையாட்டு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறுக்குத் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். "அம்மா, இந்த வருஷம் முறுக்கு நல்லா வந்துச்சா" என்று மட்டும் கேட்டாய். அதை நான் மறக்கவில்லை.

இப்போது அடுத்த தீபாவளியே வந்துவிட்டது, சிராங்கூன் ரோட்டில் விளக்கும் போட்டுவிட்டார்கள், வண்டி இன்னும் காக்கி புக்கிட்டில் மெக்கானிக் சாகுல் ஹமீது பட்டறையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. நீ அனுப்பிய பெட்டி வந்த அன்றைக்குச் சாகுல் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். அப்புறம் பார்த்தால் பெட்டி பருமனாக இருக்கிறதாம், மாரிஸுக்கு அடியில் இடம் போதாதாம். சரி, தாங்குகிற கம்பியை மாற்றிச் செய்தார்கள். அப்புறம் பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளமாம், அதே மாதிரி இன்னொன்றை வாங்கி அறுத்துச் சின்னதாக்க வேறு ஒரு இடத்துக்குக் கொடுத்தார்கள், அங்கே தப்பாக அறுத்துவிட்டார்கள். அப்புறம் வேகம் காட்டுகிற முள் வேலை செய்யாதாம். அப்புறம் கியரை மாற்றுவதற்கு அனுமதி வேண்டுமாம், அதற்கு வர்ஷா உட்கார்ந்து ஈமெயில் மேல் ஈமெயிலாகப் போட்டாள். உன் தங்கை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை வேலை முடிந்து வந்து இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டாள். நான் சாகுலைக் கூப்பிடும்போதெல்லாம் "அடுத்த வாரம்மா, கன்ஃபர்ம் லா" என்பார். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று ஒருநாள் கேட்டேன், சிரிக்கிறார். அவர் வாப்பா காலத்தில் ஜாலான் புசாரில் பட்டறை இருந்தபோதே நம் வண்டிச் சக்கரத்து வெள்ளி மூடி ஒன்று காணாமல் போனது. அதையும் அன்றைக்கே அவரிடம் ஞாபகப்படுத்தினேன். "அம்மா, நான் அப்ப பொறக்கவே இல்லம்மா" என்றார். பிறக்காவிட்டால் என்ன, பட்டறை அதே பட்டறைதானே.

ஒருநாள் வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்தேன். பஸ்ஸில்தான் போனோம். அவளும் லைசென்ஸ் வைத்திருக்கிறாள், ஆனால் ஆட்டோ மட்டும் ஓட்டுகிற லைசென்ஸ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிளட்ச் என்றால் பெண்கள் கையில் மாட்டுகிற பர்ஸ். பட்டறையில் நம் பழைய கியர்பாக்ஸை ஒரு மூலையில் வைத்து, ஈரத்துண்டைப் போர்த்தி, அடியில் மைலோ டின்னை வைத்திருந்தார்கள். அதில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நன்றாக வேலை நடக்கிறது என்று பொய் சொன்னேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. வீடியோவில் நீ வரும் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறார், அதைத்தான் நீ பார்க்கிறாய். கால் முடியாமல் போனபிறகும் வண்டி இங்கே இருந்தவரை, காலையில் மெதுவாகக் கார்நிறுத்தத்துக்கு இறங்கிப் போவார், கண்ணாடி துடைப்பார், உள்ளே உட்கார்ந்து ரேடியோவில் ஒலி தமிழ் நிலையத்தைக் கேட்பார், பக்கத்து பிளாக் ஆட்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். வண்டி பட்டறைக்குப் போனதிலிருந்து அவருக்கு இறங்குவதற்கே காரணம் இல்லை. சவரம் செய்வதில்லை. சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டேன் என்கிறார், தட்டு அப்படியே இருக்கிறது. ரேடியோவைப் போட்டுக் கொடுத்தால் நிறுத்திவிடுகிறார். வருஷாவருஷம் தீபாவளிக்கு முன்னால் நாம் மாரிஸில் ஏறி, சிராங்கூன் ரோட்டில் விளக்குக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து போவோமே, நீயும் தங்கையும் கழுத்தை வெளியே நீட்டுவீர்களே, அதைப் போன வருஷம்தான் முதல் முறையாக விட்டோம். டாக்ஸியில் கூட்டிப் போகிறேன் என்றேன். "டாக்ஸில போனா விளக்கைப் பாக்க முடியாது கமலம், மீட்டரைத்தான் பாக்கணும்" என்று படுத்துக்கொண்டார். இந்த வருஷமும் விட்டுவிட்டால் மனிதர் அந்தப் படுக்கையோடு படுத்துவிடுவார், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆட்டோ கியர் வந்து அவரே ஓட்டிக்கொண்டு போவார் என்று நீ நினைத்தாய். உன் மனசு நல்லதுதான். ஆனால் வண்டி வராத ஆசையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை சாகுல் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, எல்லாம் ரெடி, ஒண்ணே ஒண்ணுதான். நடுவுல தரையில மேடு இருக்குல்ல, அதை வெட்டியாகணும், இல்லாட்டி புது பாக்ஸ் உக்காராது. வெட்டிட்டா பழசைத் திரும்ப மாட்ட முடியாது, அதான் கேட்டுட்டு செய்யலாம்னு. வெட்டவா?" என்றார். அப்பா போனை மேசையில் வைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் "ஹலோ, அப்பா, ஹலோ" என்கிறது. அவர் கன்னம் ஆடுவதைப் பார்த்தேன். போனை எடுத்து, "வெட்டாதே, பழைய கியர்பாக்ஸையே மாட்டு" என்றேன். "அம்மா, அப்ப கிளட்ச் யாரு மிதிப்பா?" என்றார். "நான்தான்" என்றேன். சாகுல் சிரித்த சிரிப்பு இந்த வீடு முழுக்கக் கேட்டது. அதையும் நான் மறக்க மாட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு லைசென்ஸ் இருப்பது உனக்கு எப்படி மறந்தது? அப்பா துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த காலத்தில், நீ காய்ச்சலில் கிடந்து டாக்ஸி கிடைக்காமல் நான் ரோட்டில் நின்று அழுத பிறகு, நான் கற்றுக்கொண்டேன். ரோட்டு விதி எல்லாம் பக்கத்து வீட்டு டீச்சர் படிக்க, நான் காதாலேயே மனப்பாடம் செய்தேன். பரீட்சை வைத்தவர் மலாயில் கேட்டார், மலாயிலேயே சொன்னேன். முதல் தடவையே பாஸ். உன் அப்பா மூன்றாவது தடவைதான் பாஸ் ஆனவர், அதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். நான் பாஸ் ஆன அடுத்த ஞாயிறு, மீன் வாங்கத் தேக்கா சந்தைக்கு நான்தான் ஓட்டினேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சந்திலும் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே வந்தார். பஃபலோ ரோடு திரும்பும்போது பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார், வண்டி தூணில் உரசியது. அவர் போட்டிருந்தது நீலக்கோடு போட்ட சட்டை. பின்சீட்டில் நீ ஐஸ் தின்றுகொண்டிருந்தாய், "அப்பாதான் இழுத்தாங்க" என்று அன்றைக்குச் சொன்னாய். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது "கமலம் வண்டியைக் கொண்டுபோய் இடிச்சிட்டா" என்பதுதான். உன் அத்தை தன் வீட்டு வளைகாப்பில் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து சாவி அவர் சட்டைப் பையில். நான் இடப்பக்கம். பெரிய பிள்ளையானதும் நீயும் "அம்மா கார் ஓட்டி இடிச்சாங்களாமே" என்று ஆரம்பித்தாய். கண்ணால் பார்த்த சாட்சியே கட்சி மாறினால் நான் யாரிடம் போவது?

சரி, லைசென்ஸை நான் விடவில்லை. அறுபத்தைந்துக்கு மேல் டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சான்று கொடுத்தால்தான் அது உயிரோடு இருக்கும். நான் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் சர்க்கரை பார்க்கப் போகிறேன் என்று நினைத்தீர்கள். ஓட்டாத வண்டிக்கு எதற்கு என்று அந்த டாக்டரே ஒருமுறை கேட்டார். இருக்கட்டும் என்றேன். இந்த வண்டி இழுத்தடிக்கிற இழுப்பைப் பார்த்து, ஒரு மாதமாக டிரைவிங் பள்ளியில் கிளட்ச் வண்டியில் மறுபடியும் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பஜனைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொல்லிக்கொடுக்கிறவர் ரம்லி என்று ஒரு மலாய்க்காரர், "மக்சிக், பெலான் பெலான்" என்பார். அத்தை, மெதுவாகவாம். முதலில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது உண்மைதான், பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வகுப்பில் காலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இப்போது அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்.

செவ்வாய்க்கிழமை நான் போனை வைத்ததும் அப்பா "லைசென்ஸ்?" என்றார், அவ்வளவுதான். கைப்பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். "நீ சொல்லவே இல்லியே" என்றார். "நீங்க கேக்கவே இல்லியே" என்றேன். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு வரைக்கும் பேச்சில்லை. கோபம் என்று நினைத்தேன். நானும் ரசத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டு, "முதல் கியர் வண்டி முழுசா நின்ன பெறகுதான் விழும், ஊர்ந்துக்கிட்டிருக்கும்போது போட்டா கத்தும்" என்றார். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். "இத்தனை வருஷமா இடப்பக்கம் உக்காந்து உங்க காலைத்தானே பாத்துக்கிட்டு வந்தேன்" என்றேன். தட்டைப் பார்த்தேன், காலியாக இருந்தது.

இன்று காலை நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், இவர் தானாகவே சாகுலைக் கூப்பிட்டுப் பேசுகிறார். கமலத்துக்குக் கால் எட்டாது, டிரைவர் சீட்டை நல்லா முன்னால தள்ளி வை என்கிறார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது. "அப்பா, அந்த சீட்டை நீங்க நகத்தினதே இல்ல போல, அடியில சீட் நகர்ற தண்டவாளம் துருப்பிடிச்சு உங்க கால் அளவுக்கே ஒட்டிக்கிச்சு. அடிச்சும் பாத்துட்டேன், அசையல. அதை வெட்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்" என்கிறார் சாகுல். நான் கத்தியை நிறுத்திவிட்டேன். தரை மேட்டுக்கு வாயைத் திறக்காத மனிதர் ஆயிற்றே. போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்புறம் "வெட்டு" என்றார்.

அதனால் ராசா, நீ அனுப்பிய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய். வருத்தப்படாதே, ஆனால் அடுத்த தடவை நல்லது செய்யத் தோன்றினால் முதலில் என்னிடம் கேள். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடாதே. அங்கே குளிர் விட்டுவிட்டது என்று ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிடாதே, உனக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். மருமகளுக்குப் புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறேன். நீயும் மருமகளும் பேரனும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நன்றாக இருக்க வேண்டும்.

ஞாபகம் வைத்துக்கொள்: தீபாவளிக்குக் கட்டாயம் வா. பின்சீட்டில் உன் பழைய இடத்தில் உட்கார். பஃபலோ ரோடு திரும்பும்போது அப்பா கை ஸ்டியரிங் பக்கம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், இந்தத் தடவை சாட்சி மாறக் கூடாது.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா கமலம்