பிடித்துத் தைத்த எழுத்து

போனில் ஒரு படம் வந்து கிடக்கிறது. காலையிலிருந்து எத்தனை தடவை திறந்து பார்த்தேனோ. நம் தையல் கடைக்குப் போடப்போகிற புதுப் பெயர்ப்பலகையின் மாதிரி. அதில் என் பெயர் மட்டும், காலை நீட்டிப் படுத்த மாதிரி அகலமாக. "இனிமே ஒரு பேருதானேக்கா, எழுத்தைத் தாராளமா விட்டுட்டேன்" என்கிறார் பலகைக்காரர். இன்றைக்குள் சரி சொல்ல வேண்டுமாம். எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வரவில்லை.

தென்னூரில் அந்தக் கடையைப் பிடித்தபோது வாசல் ஆறடிகூட இல்லை. நம் இரண்டு பெயரையும் இங்கிலீஷில் சாதாரண எழுத்தில் எழுதினால் பக்கத்து மருந்துக்கடைக்குள் போய்விடும். நீதான் பலகைக்காரரின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தாய். பழைய சர்க்கஸ் நோட்டீஸில் இருக்குமே, ஒல்லியாய், உயரமாய், தடித்த கறுப்பாய், ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் பட்டையாகக் கட்டை வைத்து. "பாருடி, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்ச ஜாக்கெட் மாதிரி சிக்குனு இருக்கு! காலுக்குக் கட்டைச் செருப்பு வேற. நாள் பூரா நின்னு துணி வெட்டறவளுங்களுக்கு இதுதான் சரி" என்றாய்.

பலகை ஏறிய பிறகு பார்த்தால் நடுவில் இடைவெளியே இல்லை. ஊரே இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக வாசித்தது. கூரியர்காரர் உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவார், என்னையும் அப்படித்தான். பேத்திக்குப் பாவாடை தைக்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மாமி, "திருநாமம் மாதிரின்னா இருக்கு! எந்த ஊர்த் தாயார்?" என்று கேட்டார். நீ "யா அல்லா" என்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாய்.

எனக்குத்தான் போகப்போக எரிச்சல் வந்தது. போன தை மாதம், "யாருக்கும் ஒழுங்கா படிக்க வரலை. பேரைச் சுருக்கி எழுத்தை அகலமாக்கலாம்" என்றேன். நீ கத்தரியைக் கீழே வைத்தாய்.

"உனக்கு இடம் பத்தலைன்னா சொல்லிடு. நான் நகந்துக்கறேன்."

ஒரு சமாதான வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு, சொல்லவில்லை. ஒன்பது நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். பத்தாம் நாள் விடியற்காலையில் உன் வீட்டிலிருந்து போன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஏண்டி, கோபத்தில் சொன்னதை இப்படியா செய்து காட்டுவாய்?

மத்தியானம் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மாமியின் துணியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் மறுபடியும் அந்தப் படத்தைத் திறந்தேன், மூடினேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கி நடந்தபோது பின்னாலிருந்து யாரோ நம் சேர்த்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சொல்லுங்க" என்று திரும்பிவிட்டேன். மாமிதான். "ஒருத்தியா வந்திருக்கே, இன்னொருத்தி எங்கே?" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நடுத்தெருவில் நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அங்கிருந்தே பலகைக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டு பேரும் வரணும்ங்க. பழைய எழுத்தே போடுங்க."

"அதே ஆறடிதானேக்கா? நடுவுல இடமே இருக்காதே."

"வேண்டாம்ங்க," என்றேன். "இடமே வேண்டாம்."