அந்தச் சொல் வருகிற பாட்டு

மோர்னிங்சைட், ஸ்காபரோ
16 ஏப்ரல் 1994

அன்பு மகள் பேர்ணடெற்றுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் நல்ல சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அது பொய் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். போன ஞாயிறு பூசையால் வந்து செருப்புக் கழற்றவில்லை, றெஜினா சின்னம்மா லண்டனிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். நீ மேடையில் பாடிக்கொண்டு நிற்க நாலைந்து வெள்ளைக்கார மொட்டைத்தலையர் போத்தலால் எறிந்ததாம், நெற்றியில் ஆறு தையலாம், நடந்து பதினைந்து நாளாம். ஏன் பிள்ளை எங்களுக்கு ஒளித்தாய்? அப்பா நீ அனுப்பிய கசெற்றை எடுத்துச் சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டினார். படிக்கப் போன பிள்ளை நிறவெறியரோடை பாட்டாலை சண்டை பிடிச்சுத் தலையை உடைச்சுக்கொண்டு நிக்குது, உடனை கனடாவுக்குக் கூப்பிடவேணும் என்றார். நானும் ஓமென்றேன். உன் பாட்டுக் குழுவில் வாசிக்கிற வங்காளப் பெடியனும் ஜமேக்காப் பெடியனும்தான் உன்னைக் கெடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பாட்டை விட்டுவிட்டு வா என்று அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன்.

தவமணி அன்ரி ஆட்கள் ரூஜ் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள், அதனால் ஹொட்டேல் லோண்டரி வேலை முடிய நான் இப்போது தனியத்தான் பஸ்ஸுக்கு நிற்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்படி நிற்க ஒரு கார் மெதுவாக வந்தது. உள்ளேயிருந்தவன் ஒருத்தன் சுடச்சுடக் கோப்பியைக் கப்போடு என்மேல் எறிந்து ஒரு சொல் சொல்லிக் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். கழுத்து எரிந்தது, கோட் நனைந்துபோனது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பேப்பர் வாசித்தார், மற்றவர் பஸ் வருகிற பக்கம் பார்த்தார். வெட்கத்தில் நானும் பஸ் வருகிற பக்கம்தான் பார்த்தேன், பிள்ளை.

வீட்டுக்கு வந்து கோட்டை அலம்பும்போதுதான் அந்தச் சொல்லை முதலே எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. உன் கசெற் வந்த அன்று ஒருமுறை போட்டோம், மேளச் சத்தம் கூட என்று அப்பா பாதியில் நிற்பாட்டினார். சூட்கேசைத் திறந்து அதை எடுத்துப் போட்டேன். இரண்டாவது பாட்டில் அந்தச் சொல் வருகிறது. கதவை உதைக்காதே, தட்டு, இது எங்கள் வீடு என்று நீ பாடிவிட்டு, எங்கள் நிறத்தவரைப் பழித்து அவன்கள் சொல்கிற அந்தச் சொல்லை அவன்களுக்கே திருப்பிக் கேட்கிறாய். என் இங்கிலீசுக்கு முழுவதும் விளங்கவில்லை, நாலுதரம் போட்டுக் கேட்டேன். நீ அவ்வளவு கோபத்தோடு பாடுகிற பிள்ளை என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

அப்பா வேலையால் வர எல்லாம் சொன்னேன். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பாட்டை ஒருக்காப் போடும் என்றார். முடியுமட்டும் நின்றபடியே கேட்டார். நாலு வருசமா என்ரை சூப்பவைசர் என்னை உந்தச் சொல்லாலைதான் கூப்பிடுறான், நானும் ஓமெண்டு திரும்பிப் பாக்கிறனான் என்றார். எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருசம், அவர் அழுததை நான் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.

வியாழக்கிழமை அந்தச் சூப்பவைசர் வழமைபோலக் கூப்பிட, அப்பா திரும்பவில்லையாம். மூன்றுதரம் கத்தினானாம். பிறகுதான் திரும்பி, என்ரை பேர் அமிர்தநாதர் என்று சொன்னாராம். நேற்று அவரைப் பக்ரறியில் சாமான் உறையவைக்கிற குளிரறைக்கு மாற்றிவிட்டார்கள். விரல் விறைத்துப்போய் வந்தார். இனி என்ன செய்வார்களோ, வேலை நிலைக்குமோ என்று எனக்கு யோசனை. அவரோ சோற்றை இரண்டாம்தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

மே ஏழாம் திகதி அதே இடத்தில் திரும்பவும் பாடப்போகிறாயாம், சின்னம்மா சொன்னாள். போகாதே என்று எழுதத்தான் கை வருகிறது. முதல் எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். பயம் போய்விட்டது என்று நினையாதே. மேடையில் விளிம்புக்கு வராமல் நில். முடிந்ததும் தனியே றெயின் ஏறாதே. அந்த இரண்டு பெடியளும் சின்னம்மா வீட்டு வாசல்மட்டும் உன்னோடு வரட்டும், அவர்களுக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லி அவளுக்கும் எழுதுகிறேன். தையல் வெட்டின இடத்தைச் சொறியாதே. நெற்றியை மறைக்காமல் ஒரு படம் பிடித்து அனுப்பு, எவ்வளவு காயம் என்று நான் பார்க்கவேண்டும்.

மாதா உன் முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும். அப்பாவும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார். உங்கே பின்னேரம் ஐந்து மணிக்குப் பாட்டு முடியும் என்றால் இங்கே பகல் பன்னிரண்டு. அன்றைக்கு நான் வேலைக்குப் போகமாட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எடு, ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா