பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டு வந்தவளுக்கு

அஜின்கோர்ட்டில் பழைய சாமான் கடையொன்றில் இன்று ஊதாத் தொப்பி ஒன்று கண்டேன். விளிம்பில் வலை வைத்தது. இதே போல ஒன்றோடுதான் உன்னைப் புதைத்தோம். கையில் எடுத்துப் பார்த்தேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு வேறு எதிலும் எழுத வராது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேல் மாடிக் கட்டடத்தில் உன் கதவும் என் கதவும் எதிரெதிர். உன் மகள் நயோமியும் என் மகனும், நான் சமைத்துக்கொண்டிருக்க, என் குசினி மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்வார்கள். கணக்கில் அவன் முழித்தால் அவள் பென்சிலைப் பிடுங்கி, "டேய் மொக்கு, இஞ்சை பார்" என்று நான் திட்டும் தமிழிலேயே திட்டிச் செய்து காட்டுவாள். நீ வாசலில் நின்று சிரிப்பாய்.

பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு முடிவில், ஒன்பதில் யாரை எந்த வகுப்பில் பிரித்துப் போடுவதென்று சொல்ல, பிள்ளைகளோடு எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ சேர்ச்சுக்குப் போகும் உடுப்பும் தொப்பியுமாக வந்தாய்.

"என்னப்பா, ஆருக்குக் கலியாணம்?" என்றேன். என் உடைந்த இங்கிலிசையும் உன் இங்கிலிசையும் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

"சிரியாதை சிஸ்ரர். எங்கட கறுப்புச் சனம் பள்ளிக்கூடத்துக்கு இப்பிடித்தான் போறது. ரீச்சர்மார் முதல் உடுப்பைத்தான் பாப்பினம்."

நான் வேலை உடுப்போடு, தலைகூடச் சீவி இழுக்காமல் இருந்தேன். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். தமிழ்ப் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரராம், மகனை யூனிவர்சிற்றிக்குப் போகும் மேல் வகுப்பில் போடலாமாம். உன் பக்கம் திரும்பி, நயோமிக்கு இலகுவான வகுப்புப் போதும், கைவேலை நன்றாகச் செய்வாள் என்றார். அவள் டொக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். என் மகன் எழும்பி, "மிஸ், நயோமிதான் எனக்கு மாத்ஸ் சொல்லித்தாறவ" என்றான். எவ்வளவு பணிவான பிள்ளை என்று அவனைத்தான் மெச்சினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய். "எங்கட ஊர் நோவா ஸ்கோஷியாவிலை என்ர அம்மம்மாவின்ர அம்மம்மாவை அடிமையாக் காசு குடுத்து வாங்கினவை. அவவுக்கு எழுத்தே காட்டேல்லை. அம்மாவுக்குக் கறுப்புப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், குளிருக்கு விறகும் இல்லை. என்னை வகுப்பிலை கடைசி வாங்கிலை இருத்தினவை. இண்டைக்கு இவளுக்கு இது. ஒவ்வொருக்காலும் பேர்தான் வேறை."

என் படிப்பும் எட்டோடு நின்றதுதான். ஊரில் சண்டை, பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. ஆனால் எனக்கு மூளை இல்லை என்று எவரும் சொன்னதில்லை.

மகன் இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிவிட்டான், எஞ்சினியர். நயோமி ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறாள், நிலம் துடைக்கிறாள்.

போன கிழமை நயோமி வந்து, "அன்ரி, அம்மா இல்லை. மகளின்ர பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் வாறியளா?" என்றாள். உன் பேத்தி ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். இப்போது ஒன்பதில் எல்லாரையும் ஒன்றாக இருத்துகிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருந்தேன். பிரிப்பதை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் பட்டுச்சேலை உடுத்துப் போனேன். ஆசிரியை இளம்பெண், வலு அன்பானவள். அடுத்த வருடம் கணக்குக்கு இலகுவான வகுப்பென்றால் பிள்ளைக்குக் கஷ்டமிராது என்றாள். சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளை என் கையைத் தட்டி, "இட்ஸ் ஓகே அன்ரி. எனக்கு மாத்ஸ் வராது" என்றாள். நயோமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நயோமியும் சொன்னதில்லை. உங்களுக்கு மற்றவர்கள் சொன்னார்கள். இவளுக்கு இனி ஆரும் சொல்லத் தேவையில்லை. அவள் அதைச் சொன்ன குரலில் கவலைகூட இல்லை. அந்தக் குரலைத்தான் மனதில் காவிக்கொண்டு திரிகிறேன்.