அணைக்காத மைக்

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் மானம் கப்பலேறியது. "மருத்துவ வண்டி வந்திருக்கு, வாங்க" என்று அறிவித்துவிட்டு, மைக்கை அணைக்காமலே மகளின் மேஜையோரம் வைத்துவிட்டேன். வண்டிக்கு நான் டிரைவர், அவள் நர்ஸ். அரைமணி கழித்து அவளிடம் மூலத்துக்குக் களிம்பு கேட்டேன், குசுகுசுவென்றுதான். வண்டிக் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் அதை ஊருக்கே சொல்லிவிட்டது. வரிசையில் நின்ற பெரியவர், "டிரைவர் தம்பி, இனிமே நின்னுக்கிட்டே ஓட்டுங்க!" என்றார். ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 6

களிம்பு நன்றாகக் கேட்கிறது. ஊரும் நன்றாகத்தான் கேட்டது!

மார்ச் 11, செவ்வாய்

இன்றுதான் எல்லாம் தெரிந்தது.

என் மூலத்துக்கு முன்னால் குழாயில் இன்னொன்றும் போயிருக்கிறது. அந்த ஊர்த் தையல்காரி என் மகளிடம் முதுகைக் காட்டிச் சொன்னது: "அவர்தான் மேடம், இஸ்திரிப் பெட்டியால சுட்டுட்டார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." வரிசையே கேட்டிருக்கிறது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மைக் ஓடுகிறது என்று ஒருத்தரும் வந்து சொல்லவும் இல்லை. பக்கத்து மரமில்லில் வேலையில் இருந்த அவள் புருஷன் காதிலும் விழுந்திருக்கிறது. அன்றைக்கே அதே பெட்டியால் முகத்தில் அடித்திருக்கிறான். அவளுக்கு இடது கண் போய்விட்டது.

இன்று கடப்பாரையோடு வந்தான். முன்கண்ணாடி பொடிப்பொடி. மகளை முடியைப் பிடித்துப் படியில் இழுத்தான். "என் பேரை நாறடிச்சவ நீதானடி?" அவள் நெற்றி படியில் மோதிய சத்தம்... ஜாக்கி கம்பியை எடுத்தேன். முழங்காலில் ஓர் அடி. எலும்பு முறிந்தது காதில் கேட்டது. விழுந்தான். அப்புறமும் அடித்தேன். எத்தனை? தெரியவில்லை.

"அப்பா, போதும்! செத்துருவான்!" கையில் தொங்கினாள். பிறகு தன் நெற்றி ரத்தம் அவன்மேல் சொட்டச் சொட்ட அவன் காலுக்கே கட்டை வைத்துக் கட்டினாள். நான் டயர் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். நல்ல வீரன்!

மார்ச் 14

அலுவலகத்தில் விசாரணை. "மைக்கை அணைக்காம விட்டது யாரு?" வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்" என்றாள் மகள்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "அடிச்ச கேஸே உங்க தலைமேல நிக்குது. இதுவும் சேர்ந்தா உள்ள தள்ளிடுவாங்கப்பா. பேசாம வண்டிய எடுங்க."

எடுத்தேன். நானெல்லாம் ஒரு அப்பன்.

மார்ச் 17

மகளை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது நர்ஸ், புதுக் கண்ணாடி, அதே ஊர். தையல்காரி கட்டு மாற்ற வந்தாள்.

"உங்க பொண்ணு வரலையாண்ணே?"

"இல்லம்மா."

"அவளை நம்பித்தானே முதுகைக் காட்டினேன்? ஒரு சுவிட்சை அமுக்க முடியாதா அவளுக்கு? சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.

'அது அவ இல்லம்மா, நான்' என்பதை மட்டும் சொல்லவில்லை.