தள்ளுபடி ஆன இருபத்தெட்டாயிரம்

அன்பு மகள் இசைவாணிக்கு, சேரப்பணஞ்சேரியிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு என்ன என்பதைப் போகப் போக எழுதுகிறேன். அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போடுவதாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போட்டு, நன்றாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதம் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குரல் கம்மினதும் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணிச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவேன், காகிதத்தில் அந்த வசதி இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ஒரகடம் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், ஷிப்ட் பஸ் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் சுற்றிப் போகிறது, அதனால் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிற செலவு மிச்சம்.

போன மாதம் நீ போன் பண்ணி, வீட்டுக் கடனை பேங்கில் தள்ளிவிட்டார்கள் அப்பா, என் பேரில் ஏதோ பழைய கடன் காட்டுகிறதாம், நான் வாங்கவே இல்லையே என்று கேட்டாய். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும்மா என்று சொன்னேன். கம்ப்யூட்டர் பாவம், அது சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு நான்தான்.

நீ ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி லைனில் வேலை பார்த்தபோது தவணையில் பிரிட்ஜ் வாங்கினாயே, பன்னிரண்டு மாதமும் ஒரு நாள் தள்ளாமல் கட்டினாய். கல்யாணமாகிப் புனே போகும்போது பழைய சிம்மையும் அந்தச் சம்பள அக்கவுண்டின் ஏடிஎம் கார்டையும் என்னிடம் விட்டுப் போனாய். மூன்று வருஷம் முந்தி அந்த சிம்முக்கு, பிரிட்ஜுக்குத் தவணை கொடுத்த அதே பைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது, உங்கள் பேர் சுத்தமான பேர், எழுபதாயிரம் உடனே தருகிறோம், கையெழுத்துகூட வேண்டாம், வருகிற நம்பரைச் சொன்னால் போதும் என்றார்கள். அந்த வாரம்தான் நம் வேன் இன்ஜின் உட்கார்ந்து, ஷிப்டுக்குப் போகிற ஜனங்களை நடுரோட்டில் இறக்கிவிட்டிருந்தேன். நம்பரைச் சொன்னேன், பணம் உன் சம்பள அக்கவுண்டில் விழுந்தது, உன் கார்டைப் போட்டு எடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய், அது தெரிந்துதான் கேட்காமல் விட்டேன் என்று நினைக்கிறேன். நீ ஒழுங்காகக் கட்டிச் சேர்த்த நல்ல பேரை எடுத்து நான் வேனில் போட்டு ஓட்டினேன்.

ஏழு தவணை கட்டினேன். அப்புறம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றக் கம்பெனிக்காரர்களே சொந்தமாக பஸ் விட்டார்கள், வேன் வாசலில் நின்றது, தவணையும் நின்றது. வசூல்காரர்கள் போன் பண்ண ஆரம்பித்தபோது உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா, பெண் குரலில், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று மிஷின் மாதிரி பேசினான். பத்து நாள் நம்பினார்கள். அம்மாவுக்குக் கடன் விஷயமே தெரியாது, நான் யாரையோ கலாய்க்கிறேன் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் இங்கே சிரித்துக்கொண்டிருக்க, தவணை தவறின ஒவ்வொரு மாதமும் உன் பேரில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது, அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பார்க்கவில்லை.

கடைசியில் திருமலை என்று ஒரு வசூல்காரப் பையன் பைக்கில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான், அபராதம் எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் என்றான். உனக்குத்தான் தெரியுமே, கத்தரிக்காய்க்காரர் கால் கிலோ காய்க்குக் கொசுறாகக் கொத்துமல்லி போடாவிட்டால் நான் நகர மாட்டேன். வேன் நிற்பதைக் காட்டினேன், அம்மா முட்டியைக் காட்டினேன், மூன்று வாரம் இழுத்து இருபத்து நாலாயிரத்துக்கு முடித்தேன். ஒரே தடவையாகக் கட்டினால் மிச்சம் தள்ளுபடி என்று லெட்டரும் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அதுவும் எப்படி, இருபத்தெட்டாயிரம் அடித்துப் பேசிக் குறைத்தேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு. அவள் அந்த லெட்டரை என் கையிலிருந்து பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்கு அதுவும் புரியவில்லை, தெரு முனைக் கடையில் திருமலைக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ போன் பண்ணின மறுநாள் அவனைத் தேடி ஸ்ரீபெரும்புதூர் போனேன். அவன் சொன்னான், அண்ணே, நீங்க கொறைச்சிக் கட்டினீங்க இல்ல, அதைத்தான் அப்டியே எழுதிக்கீறாங்க, முழுசா வாங்க முடியாம விட்டுட்டோம்னு, அதைப் படிச்சா எந்த பேங்க்காரன் துட்டு தருவான் என்றான். கட்டாமல் விட்டதால் வந்த கறை பாதி, நான் சாமர்த்தியமாகப் பேரம் பேசினதால் வந்த கறை பாதி. உன் தாத்தா எனக்கு வைத்த பேர் ராமர் வில்லின் பேர், கோதண்டம், என்னிடம் வில் வரவில்லை, வில்லங்கம்தான் வந்தது.

தள்ளுபடி செய்ததை நான் கட்டிவிடுகிறேன், எழுதினதை மாற்று என்றேன். விட்ட காசைத் திருப்பி எடுத்துக்கினு வர்ற மொத ஆளு நீங்கதான் என்று அவன் ஆச்சரியப்பட்டு, என் கையில் குடுக்காதீங்க, ஆபீசுக்குப் போங்க என்று வழி சொன்னான். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்தாள், இரண்டு பேரும் போனோம். அங்கே ரஞ்சனி என்று ஒரு மேடம், இருபத்தெட்டோடு இடையில் ஓடின வட்டி பதினோராயிரம் என்றார்கள். எனக்கு நாக்கு அரித்தது, அம்மா தொடையில் கிள்ளினாள். அப்புறம் அவளே பேசினாள். இருபத்தெட்டில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டோம், ஆனால் இனி பாக்கி இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு வட்டி எங்கிருந்து வந்தது என்று அந்தப் பழைய லெட்டரை எடுத்து மேஜையில் வைத்தாள். வட்டியை விட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் போங்கள், கடிதம் பிறகு வரும் என்றார்கள். அம்மா அசையவில்லை. இந்த மன்சன் அப்போ படிக்காம குட்த்தாரு, இப்போ நான் படிச்சிட்டுத்தான் குடுப்பேன் என்று சொல்லிவிட்டாள். காலை பத்து மணிக்குப் போனவர்கள் நாலு மணி வரை அந்த நாற்காலியில் இருந்தோம். தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது, முழுவதும் பெற்றுக்கொண்டு கணக்கை மூடியதாகக் கடன் பதிவில் மாற்றித் தருவோம் என்று இருந்தது, அம்மா விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள், அப்புறம்தான் கட்டினோம்.

பாக்கி இல்லை என்கிற சான்றின் ஒரிஜினல்தான் இந்த உறைக்குள் இருக்கிறது. பதிவு மாற ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாமாம், வீட்டை விற்கிறவர் உங்களுக்காக இந்த மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்றாராமே, அதனால் இதை இப்போதே பேங்கில் காட்டிக் கேட்டுப் பார். கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. தவணை தவறின மாதங்களின் கோடு மட்டும் சில வருஷம் அப்படியே இருக்குமாம், நடந்தது உண்மை என்பதால் அதை யாரும் அழிக்க மாட்டார்களாம். அது நியாயம்தான்.

இன்னொன்று. கம்ப்யூட்டர் கோளாறு என்று நான் சொன்னபோதே நீ புரிந்துகொண்டிருக்கிறாய். நீ மாப்பிள்ளையிடம், நான்தான் வாங்கினேன், சொல்ல மறந்துவிட்டேன் என்று சொன்னாயாம், அம்மா சொன்னாள். இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டாராம். என்னைக் காப்பாற்றப் போய் நீ அங்கே பொய்க்காரியாக நிற்கிறாய். கடனை அடைத்துவிட்டேன், இதை அடைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே, அப்பாவுக்காக நாலு வரியை விழுங்கிவிடுவாய். அவரே படிக்கட்டும், கோபம் வந்தால் எனக்கே போன் பண்ணட்டும், மிஷின் குரலில் பேச மாட்டேன்.

நீங்கள் நினைத்த வீடு நினைத்தபடி அமைந்து, பால் பொங்கும் நாளில் நானும் அம்மாவும் வந்து நிற்க எம்பெருமான் அருள வேண்டும். உன் பழைய சிம்மையும் ஏடிஎம் கார்டையும் தாளில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன், உறையைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி, இனி அவை உன்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் பேருக்குப் பதிலாக அன்றைக்கே தன் பேரைப் போட்டிருக்க வேண்டிய உன் அப்பா,
மு. கோதண்டம்